பாதி மொட்டையுடன் ஏரி தாண்டக் கூடாதாம்

முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரத் தலையில் நல்ல கத்தி ஓடினால் ‘சரக், சரக்’ என்று மெதுவாகக் கேட்கும். இது அப்படி இல்லை. காய்ந்த ஓலையை இழுத்துக் கிழித்தது போல ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் என் மகன் வீறிட்டான்.

என் அண்ணன் மடியில் அவன் உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் மொட்டை, இடது பக்கம் முடி. இடது காதுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு தடித்தது, வழிந்தது, காது மடலில் தேங்கிச் சொட்டியது. அண்ணனின் புது வேட்டியில் விழுந்த முதல் சொட்டு பரவியதை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

தலையில் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிறைய வரும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் பெற்றவளுக்கு அது ஆறுதலா?

கங்கையம்மன் கோயில் முன்னால், ஏரிக்கரை மணலில், எங்கள் குப்பமே கூடியிருந்தது. பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பிறகு யாரோ கத்தினார்:

“யோவ் ஏகாம்பரம்! இன்னாய்யா பண்ணிட்ட?”

அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பும் இருந்தது.

அண்ணனிடமிருந்து போன்

இந்தத் தொடரில் என் மகன் பிறந்த கதையை எழுதியதுமே அண்ணன் போன் செய்தார். அவருக்கு வாராவாரம் இதைப் படித்துக் காட்டுவது அவருடைய மருமகள்.

“ராஜீ, இன்னா வேணா எழுது. அந்த மொட்டை மேட்டர மட்டும் வுட்ரு. இன்னாத்துக்கு அதப் போயி கிளறிக்கினு? சிரிச்சிட்டுப் போன விஷயம்.”

“யாரு சிரிச்சது?” என்று கேட்டேன்.

“எல்லாருந்தான்.”

நான் சிரிக்கவில்லை. என் மகன் சிரிக்கவில்லை. கத்தியைப் பிடித்திருந்த மனிதர் சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்கள்தான் அண்ணனுக்கு ‘எல்லாரும்’. வேறு எதைப் பற்றியோ எழுத நினைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மகன் தினேஷுக்கு இப்போது தாடி வைத்து ஒதுக்கிக்கொள்ளும் வயது. சென்னையில் வேலை. முடி வெட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, “புது ப்ளேடு போட்டாங்களா?” அடுத்தது, “போட்டத நீ பாத்தியா, அவங்க சொன்னாங்களா?” அவன் என்னை ஸ்பீக்கரில் போட்டு நண்பர்களுக்குக் கேட்க வைக்கிறான் என்பது எனக்குத் தெரியும். கேட்கட்டும். அவன் காதுக்கு மேலே இன்றும் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. அவன் தூங்கும்போது என் விரல் தானாக அங்கே போகிறது.

வாய் நீண்ட மனிதர்

ஏகாம்பரத்தின் வீடு பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைக்குப் போகிற வழியில் இருந்தது. ஏரிக்கு அக்கரையில் இருந்த எங்கள் குப்பத்துக்கும் இன்னும் சில குப்பங்களுக்கும் சவரம் செய்வது அவர் குடும்பத்தின் பாத்தியதை. அப்போது பாலம் கிடையாது. தோல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து படகேறி வருவார்.

அடக்கமான மனிதர் என்று அவரை எதிரிகூடச் சொல்ல மாட்டான். தன் பாட்டனுக்குப் பாட்டன் கோட்டைக்குள் போய் டச்சுத் துரைகளுக்குச் சவரம் செய்தவர் என்பார். கேட்பவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிடுவார். “தோல் வார்ல கத்தி தீட்டறத நாங்க அவங்க கிட்ட கத்துக்கினோம்னு நெனைக்காத. அவங்கதான் எங்க கிட்ட கத்துக்கினு கப்பலேறுனாங்க.”

அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். சவரத்துக்கு உட்கார்ந்து நெளிகிற பிள்ளைகளிடம் ஏகாம்பரம் குனிந்து சொல்வார்: “கல்லற வாசல்ல ரெண்டு பேரு நிக்கறாங்களே, பாத்துக்கீறியா? தலைய ஆட்டுனவங்க.” பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்காரும்.

இத்தனை பேசுகிறவர் கத்தி தீட்டும்போது மட்டும் பேச மாட்டார். நான் பாவாடை கட்டிய வயதில், நைனாவுக்குச் சவரம் நடக்கும் நாட்களில், அதைப் பார்ப்பதற்கென்றே போய் நிற்பேன்.

வாரின் ஒரு முனையைச் சவுக்கு மரத்தில் மாட்டி, மறு முனையை இடது கையில் இழுத்துப் பிடிப்பார். வாருக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் தங்க வேலை செய்கிற ஆசாரியிடம் வாங்கிய சிவப்பு மெருகுத் தூளை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவியிருப்பார். அந்தத் தூள் விரலில் எடுத்தால் தெரியாது. மாவைவிட நைசு. மறு முகம் வெறும் தோல். கை பட்டுப் பட்டுப் பழுப்பேறிப் பளபளக்கும்.

கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர, இழுப்பார். கூர்ப் பக்கத்தை முன்னால் விட்டால் தோலும் போகும், கத்தியும் போகும். முனை வந்ததும் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டித் திருப்பி இழுப்பார். முதலில் சிவப்பு முகம், கடைசியில் வெறும் தோல். அழுத்தவே மாட்டார். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தொட்டு, துணியில் சுற்றிவிடுவார். எங்கள் ஊர் உப்புக் காற்றில் இரண்டு நாள் சும்மா கிடந்தால் கத்தியின் கூரில் ஊசி குத்தியது போலத் துரு விழும்.

அந்த வாரை அவர் யாரையும் தொட விட்டதில்லை. தொட வந்தால் கையில் அடிப்பார். பெரியவர், சின்னவர் பார்க்க மாட்டார். எங்கள் குப்பத்து ஆண்களுக்கு அவர் மேல் இருந்த எரிச்சலில் பாதி இதனால் வந்தது. நம்மிடம் சோறு வாங்கித் தின்கிறவனுக்கு இவ்வளவு திமிரா என்பது அவர்கள் எண்ணம்.

இரண்டு மூடி போட்ட டப்பா

என் அண்ணன் தேசப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துப் படகுகளுக்கு இன்ஜின் வந்த காலம் அது. சென்னையில் ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்த அண்ணன்தான் எங்கள் ஊர் மெக்கானிக். நடுக்கடலில் நின்றுபோன இன்ஜினைக் கரையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டி ஓட வைப்பார். சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவருக்கு அது பழகிப்போய்விட்டது. பூட்டு, ரேடியோ, தையல் மெஷின் என்று எதைப் பார்த்தாலும் கை வைப்பார். யாரும் கேட்க வேண்டியதில்லை.

அவரிடம் ஒரு டப்பா இருந்தது. மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி. ஒரு பக்கம் முரட்டுப் பசை, மறு பக்கம் கொஞ்சம் நைசு. இன்ஜின் வால்வு கசியாமல் உட்காருவதற்காக இரும்பை இரும்போடு வைத்துத் தேய்க்கிற பசை. சாம்பல் நிறம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். டீசல் நாற்றம்.

ஒருநாள் அந்தப் பசையை அம்மாவின் அருவாமனையில் தடவி, ஒரு கட்டையில் தேய்த்துக் கொடுத்தார். மறுநாள் அம்மா வெட்டிய மடவை மீன் செதிலோடு துண்டானது. மீன் வெட்டுவதற்குக் கூர் கொஞ்சம் பல்லாக இருந்தால் நல்லதுதான். வழுக்காமல் பிடிக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “தேசப்பன் கை பட்டா எலும்பும் வெண்ணெயா வெட்டுது” என்று பேச்சு.

அதோடு நின்றிருக்கலாம். கத்தி என்றால் எல்லாம் ஒரே கத்தி என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

தங்களுக்குத் தெரியாத வேலையில் கை வைக்கிற ஆண்களை நம் வீடுகளில் ‘உதவி செய்கிறவர்’ என்கிறோம். கெட்டுப்போனால், ‘நல்லதுக்குத்தானே செஞ்சார்’ என்கிறோம். இந்த இரண்டு வார்த்தைகளையும் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

‘நேரம் போவுது’

தினேஷ் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது. பிழைத்தால் முதல் முடி கங்கையம்மனுக்கு என்று நான்தான் வேண்டிக்கொண்டேன். அதனால் மொட்டை என் பிறந்த ஊரில். நானும் என் கணவரும் பொன்னேரியில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவர் பஸ் டெப்போவில் வேலை.

மொட்டை அன்று காலை ஏகாம்பரம் இரண்டு பெரியவர்களுக்கு முகச் சவரம் செய்தார். அண்ணன் பக்கத்தில் நின்று வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா ஏகாம்பரம், இந்தத் தேய் தேய்க்கிற? என் கிட்ட ஒரு ஐட்டம் கீது. ஒரே இழுப்பு. கத்தி பேசும்.”

“ஒன் இன்ஜின பேச வை தேசப்பா. என் கத்தி ஊமையாவே இருக்கட்டும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு ஏகாம்பரம் சாப்பிடப் போனார். எங்களுக்கெல்லாம் பந்தலில் இலை. அவருக்கு மட்டும் கோயிலுக்குப் பின்னால், முள்மரத்து நிழலில். நைனாவைவிட மூத்த மனிதர். என் பிள்ளையின் தலையில் கை வைக்கலாம், ஆனால் என் பிள்ளை சாப்பிடுகிற பந்தலில் உட்காரக் கூடாது. வார் பந்தல் காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வந்து, கை கழுவி, தலையில் தண்ணீர் தெளித்து ஆரம்பித்தார். கத்தி முன்பே தீட்டி வைத்தது. வலது பக்கம் முழுவதும் வழுக்கிக்கொண்டு போனது. தினேஷ் அழக்கூட இல்லை. மாமன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கி விளையாடினான்.

பாதி முடிந்ததும், எப்போதும் போல, கத்தியை ஒருமுறை வாரில் இழுத்துக்கொள்ள எழுந்தார். இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார்.

“இன்னாது, வாரு கரகரங்குது?”

வாரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மோந்து பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் ஊர்ப் பெரியவர் கத்தினார்: “ராவுகாலம் வந்துடும்யா. வார அப்பால மோந்துக்க. ஜல்தி முடி.” இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். “நேரம் போவுது, நேரம் போவுது.” ஏகாம்பரம் வாரை விட்டுவிட்டு வந்து குனிந்தார்.

அடுத்து வந்ததுதான் அந்தக் ‘கர்ர்’.

படகை அவிழ்க்க மாட்டார்களாம்

“காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்.”

“வயசாயிடுச்சி, கை ஆடுது. கொழந்த தலையில ஆடலாமா கை?”

“பச்சப் புள்ள ரத்தத்த கோயில்ல வுட்டுட்டியேடா!”

டா. இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் யோவ், டா ஆகிவிட்டது. பையிலிருந்து படிகாரத்தை எடுத்து ஏகாம்பரம் நீட்டினார். ஒரு வாலிபன் அதைத் தட்டிவிட்டான். மணலில் விழுந்ததை எடுத்து, செம்புத் தண்ணீரில் கழுவி, நானே பிள்ளையின் காயத்தில் அழுத்திப் பிடித்தேன். என் கை பிசுபிசுத்தது. அவன் என் புடவையைக் கவ்விக்கொண்டு கத்தினான்.

“பையத் தூக்கு. இனிமே இந்தக் குப்பத்துல கால் வெக்கக் கூடாது” என்றார் ஊர்ப் பெரியவர். விசாரிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ‘பாடு’ பிரிக்கும்போது ஒரு சின்னச் சச்சரவு வந்தால்கூட மூன்று நாள் உட்கார்ந்து பேசுகிற ஊர் அது.

எனக்கு அப்போது அதெல்லாம் முக்கியமில்லை. கத்திக் காயம், இரும்பு, உப்புக் காற்று, துரு. என் தலைக்குள் ஒரே ஒரு வார்த்தைதான் ஓடியது: ஊசி. பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தேன்.

“எங்கம்மா போற?” என்று பெண்கள் வழியை மறித்தார்கள். “வேண்டுதல் மொட்டைய ஆரம்பிச்சிட்டு பாதியில ஏரி தாண்டக் கூடாது. அம்மன் சும்மா வுடுமா? தண்ணியில எதுனா ஆயிடும்.”

“ரத்தம் வருது. பாக்கறீங்க இல்ல?”

“முடி எறக்கிட்டு இட்னு போ. யார் வேணாங்கறாங்க?”

படகுக்காரர்கள் கயிற்றைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதி மொட்டையோடு ஒரு பிள்ளையை ஏற்றினால் படகுக்கு ஆகாது. முடி எடுக்க வேண்டும் என்றால் ஏகாம்பரம் வேண்டும். அவரையோ ஊரை விட்டு விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே ஆட்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒருவருக்காவது அது உறைக்க வேண்டுமே!

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். “கொஞ்சம் பொறு ராஜி” என்றார். மாமனார் ஊரில் மாப்பிள்ளைக்கு என்று ஒரு மரியாதை உண்டு. அதைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அண்ணன் முன்னால் வந்தார். “குடு புள்ளைய. என்கிட்ட ப்ளேடு கீது. மீதிய நானே எறக்கிடறேன்.”

பிள்ளையை வாங்க நீட்டிய கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகக்கண்ணில் சாம்பல் நிறம். அன்று படகு வேலை கிடையாது. குளித்து, புது வேட்டி கட்டி வந்திருந்த மனிதர். கை பக்கத்தில் வந்ததும் டீசல் நாற்றம்.

பந்தல் காலுக்கு நடந்தேன். வாரைத் திருப்பினேன். கடைசியாகத் தீட்டுகிற வெறும் தோல் முகத்தில், மேலிருந்து கீழ்வரை, சாம்பல் தீற்றல். விரலால் தொட்டேன். நறநறத்தது. அம்மாவின் அருவாமனையில் தொட்ட அதே நறநறப்பு.

‘நீ ஒக்காரு அண்ணா’

வாரைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

“அண்ணா, நீ ஒக்காரு.”

“எங்க?”

“தோ, இங்கதான். பாதி கன்னம் போதும். இவர் கைதானே தப்பு? இவர் கை எப்டி ஆடுதுன்னு ஊரே பாக்கட்டும். இதே கத்தி, இதே வார். தீட்டிட்டு வருவாரு. ஒக்காரு.”

யாரோ சிரித்தார்கள். “இன்னாம்மே, மாமனுக்கும் மொட்டையா?” என்று ஒரு குரல். அண்ணன் ஏகாம்பரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த வாரையே பார்த்தார்.

“அந்த வார்ல வேணாம்” என்றார்.

“ஏன் வேணாம்?”

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“ஏன் வேணாம் அண்ணா? எல்லார் முன்னாலயும் சொல்லு.”

“கொஞ்சம் பேஸ்ட் வெச்சேன்” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நைசு பக்கந்தான் வெச்சேன். அவரு சாப்ட போனப்ப. இன்னும் நல்லா தீட்டுமேன்னு. அம்மா அருவாமனைக்கு வெக்கல? நல்லதுக்குத்தான் ராஜி செஞ்சேன்.”

இப்போது கேட்பார்கள் என்று நினைத்தேன். பச்சைப் பிள்ளை ரத்தத்தைக் கோயிலில் விட்டவன் யார் என்று தெரிந்துவிட்டதே, அதே கோபம் இப்போது வரும் என்று நினைத்தேன்.

ஊர்ப் பெரியவர்தான் முதலில் சிரித்தார்.

“ஏன்டா தேசப்பா, இன்ஜினுக்கு வெக்கறத கத்திக்கு வெச்சியா? நல்ல மெக்கானிக்குடா நீ!”

“மருமவன் மண்டைய இன்ஜின் கணக்கா ரீபோர் பண்ணிட்டான் மாமன்!”

அவ்வளவுதான். கரை முழுக்கச் சிரிப்பு. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் முகத்திலும் ஒரு அசட்டுச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அதே காயம். அதே ரத்தம், இன்னும் உறையக்கூட இல்லை. ஏகாம்பரத்தின் கையால் நடந்தது என்றபோது அது குற்றம், அம்மனுக்கு அபசாரம், ஊரை விட்டுப் போகச் சொல்ல வேண்டிய பாவம். நம் வீட்டுப் பிள்ளை செய்தது என்று தெரிந்ததும் அது தமாஷ். எனக்கு ஆத்திரம் வந்தது காயத்தால் என்றுதான் பலர் இன்றும் நினைக்கிறார்கள். காயம் ஆறிவிடும். அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

அவர் தோல்

“சரி சரி, ஏகாம்பரம். வா, வந்து முடிச்சிடு” என்றார் பெரியவர், வெற்றிலைக்குக் கை நீட்டுகிற தொனியில்.

ஏகாம்பரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றார். “கால் வெக்கக் கூடாதுன்னீங்க. எடுத்துட்டுப் போய்க்கினு கீறேன்.”

நான் அவரிடம் போனேன். பிள்ளையின் தலையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் படிகாரத்தை மெல்ல நகர்த்திக் காயத்தைப் பார்த்தார்.

“ஆழமில்ல டீச்சரம்மா. ரத்தம் நின்னுக்கினு வருது.” பையை இறக்கினார். “முடிச்சிட்டுப் போறேன். ஆனா இவரு மடியில வேணாம்.”

“மாமன் மடியிலதானே ஒக்கார வெக்கணும்” என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். நான் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து தினேஷை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏகாம்பரம் கத்தியைச் செம்புத் தண்ணீரில் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். பசையின் ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் கல்லும் போய்விடும் என்றார். பையிலிருந்து வழவழப்பான சாணைக்கல்லை எடுத்து, தண்ணீர் விட்டு, கத்தியைப் படுக்க வைத்துத் தேய்த்தார். அவசரப்படவில்லை. ராவுகாலம் வந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கனைப்பு நின்றுபோனது.

கல் வேலை முடிந்தது. இனி தோல். வார் கெட்டுவிட்டது. தோலுக்குள் இறங்கிய அந்தப் பொடியை எதைக் கொண்டும் எடுக்க முடியாது. அவர் வேட்டியில் இடது கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, அதில் கத்தியை இழுத்தார். போக, வர. போக, வர. முதுகு முன்னால், கூர் பின்னால்.

“கை பத்திரம்” என்றேன், என்னை அறியாமல்.

“இது என் தோலு டீச்சரம்மா. இதுல எவனும் வந்து பேஸ்ட் தடவ முடியாது.”

பிள்ளையின் நெற்றியை ஒரு கையாலும் தாடையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் நடுங்கினால் அவன் தலையும் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஈர முடியின் வாசனை, படிகாரத்தின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். சரக். சரக். காயத்தைச் சுற்றி வரும்போது கத்தி இருப்பதே தெரியவில்லை. தினேஷ் தேம்பித் தேம்பி என் வயிற்றில் சாய்ந்து தூங்கியே போனான்.

அதே சத்தத்தில்

முடிந்ததும் படகுக் கயிறு அவிழ்ந்தது. எல்லோருக்கும் திடீரென்று பிள்ளை மேல் அக்கறை. “சீக்கிரம் இட்னு போ, சீக்கிரம்.”

ஏகாம்பரம் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, கெட்டுப்போன வாரைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவர் முன்னால் வந்து நின்றார்.

“அப்ப கத்துனீங்க. அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இப்ப யாராச்சும் ஒருத்தர் அதே சத்தத்துல சொல்லுங்க, தப்பு ஏகாம்பரம் மேல இல்லன்னு.”

“அதான் தெரிஞ்சிபோச்சே. இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?”

“தெரிஞ்சத சொல்றதுக்கு இன்னா?”

யாரும் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திய ஆட்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். நான்தான் கத்தினேன். “தப்பு இவர் மேல இல்ல! கேட்டுக்கோங்க, இவர் மேல இல்ல!” தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தான்.

“போதும் டீச்சரம்மா” என்றார் ஏகாம்பரம். “அக்கரை தாண்டி சுண்ணாம்புக்குளம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனா நீங்க கத்துனது கணக்குல வராது. நீங்க அப்ப கத்தல.”

அதற்குப் பிறகு அவர் எங்கள் குப்பத்துக்கு வரவே இல்லை. எங்கள் ஆண்கள்தான் தாடியோடு படகேறிப் போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று கரையில் இன்ஜின் பூட்டி நின்றது அண்ணனின் படகு ஒன்றுதான். எனக்கு ஊசி முக்கியம். ஏறினேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் தலைக்குத் துண்டால் நிழல் பிடித்தார். ஏகாம்பரத்துக்கும் வேறு வழியில்லை. படகின் முன் முனையில், முன்னணியத்தில், அண்ணனுக்கு முதுகைக் காட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏரியின் நடுவில் அண்ணன் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து மறுபடியும் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இன்ஜின நிறுத்திட்டுச் சொல்லச் சொல்லுங்க டீச்சரம்மா.”

நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், விழுந்தது. அவர் கை இன்ஜின் பக்கம் போனது, அங்கேயே இருந்தது.

பழவேற்காட்டுக் கரை வரும் வரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.